ஓர் ஆங்கிலப் பிரபு குடும்பத்தின் வாழ்வையும் வீழ்ச்சியையும் ஆவணங்களில் தேடுவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரண்டு மைக்கேல்களை ஒரே ஆள் என்று எண்ணி மூன்று மாதம் வேலை பார்த்தேன். அப்பா மைக்கேல் டி லா போல், 1415 செப்டம்பரில் ஆர்ஃப்ளேர் முற்றுகையின்போது வயிற்றுக்கடுப்பு கண்டு இறந்தார். மகன் மைக்கேல் டி லா போல், அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று அஜின்கோர்ட் போர்க்களத்தில் விழுந்தார். இருவருக்கும் பட்டம் ஒன்றே: சஃபோக் ஏர்ல் (ஏர்ல் என்பது உயர்ந்த பிரபுப் பட்டங்களில் ஒன்று, அதற்கும் மேலே டியூக்). நடுவில் இருப்பது ஐந்து வாரம்தான். அப்பாவின் நிலக் கணக்கை மகனுடையதாக எழுதி, அதன் மேல் ஒரு வம்சாவளியே கட்டிவிட்டேன். தவறு தெரிந்தபோது எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அந்த மூன்று மாதம் உங்களுக்கு வீணாகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு பிரபு குடும்பம் எப்படி மேலே வந்தது, எப்படிக் கவிழ்ந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு இது பயன்படும். பல்கலைக்கழகப் பட்டம் தேவையில்லை. வேலையில் முக்கால் பங்கை வீட்டில் உட்கார்ந்தே, காசில்லாமல் முடிக்கலாம். ஆனால் எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்ற வரிசை முக்கியம். எடுத்துக்காட்டுக்கு நான் தேடிய டி லா போல் குடும்பத்தையே கடைசிவரை வைத்துக்கொள்கிறேன்.

1. ஒரே ஒரு குடும்பம், அதிகபட்சம் ஆறு தலைமுறை

"ரோஜாப் போர்கள் முழுவதும்" என்று, அதாவது பதினைந்தாம் நூற்றாண்டில் ஆங்கில அரியணைக்காக நடந்த உள்நாட்டுப் போர்கள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு, தொடங்காதீர்கள். ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, ஒரு தாளில் அடங்குகிற அளவுக்கு எல்லை போடுங்கள். நெவில், பெர்சி போன்ற பெரிய குடும்பங்களில் கிளைகள் மிக அதிகம், புதியவருக்குத் தலை சுற்றும். டி லா போல் போன்ற ஒற்றைத் தண்டுக் குடும்பம் தொடக்கத்துக்கு ஏற்றது.

என் தாளில் இருந்தது இவ்வளவுதான். ஹல் துறைமுகத்துக் கம்பளி வணிகர் வில்லியம், மூன்றாம் எட்வர்டுக்கு 1338-39இல் மட்டும் 1 லட்சம் பவுண்டுக்கு மேல் கடன் கொடுத்தவர். அவர் மகன் மைக்கேல், 1383இல் சான்சலர் (மன்னரின் தலைமை அமைச்சர்), 1385இல் ஏர்ல், 1386இல் நாடாளுமன்றத்தில் குற்றச்சாட்டு, பிறகு தப்பியோடி 1389இல் பாரிஸில் மரணம். அடுத்து 1415இல் இறந்த இரண்டு மைக்கேல்கள். அடுத்து இளைய மைக்கேலின் தம்பி வில்லியம், 1448இல் டியூக், 1450இல் கடலில் கொலை. அவர் மகன் ஜான், மன்னர் நான்காம் எட்வர்டின் தங்கை எலிசபெத்தை மணந்தவர். ஜானின் பிள்ளைகளில் ஒருவர் 1487இல் ஸ்டோக் போரில் விழுந்தார், ஒருவர் 1513இல் தலை வெட்டப்பட்டார், ஒருவர் 1525இல் பாவியா போரில் இறந்தார், ஒருவர் 1539வரை லண்டன் டவர் சிறையிலேயே கிடந்து செத்தார். வணிகரின் கடையில் தொடங்கி அரியணைக்குப் பக்கத்தில் போய் நின்று, இருநூறு ஆண்டுக்குள் தடயமில்லாமல் போன குடும்பம்.

உங்கள் குடும்பத்துக்கும் இப்படி ஒரு தாள் போடுங்கள். ஒருவருக்கு ஒரு வரி போதும். இதற்கு ஒரு வாரம் ஒதுக்கலாம்.

2. ஆளுக்கு ஒரு அட்டை, பட்டத்துக்கு ஒரு அட்டை

என்னை வழுக்கிவிட்டது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆவணங்களில் பிரபுக்களை அவரவர் பெயரால் அல்ல, பெரும்பாலும் பட்டத்தால்தான் குறிப்பார்கள். "சஃபோக் ஏர்ல்" என்று 1415 ஆகஸ்டில் எழுதினால் ஒருவர், அக்டோபர் முதல் வாரத்தில் எழுதினால் இன்னொருவர், நவம்பரில் எழுதினால் மூன்றாமவர். ஆகவே ஆளுக்கு ஒரு அட்டை போடுவதோடு நிறுத்தாமல், பட்டத்துக்குத் தனி அட்டை போட்டு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை அது யாரிடம் இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். பட்டம் பறிபோன இடைவெளிகளையும் குறியுங்கள். டி லா போல்களுக்கு 1388இல் பறிமுதல், 1398இல் மீட்பு, 1399இல் ஆட்சி மாறியதும் மறுபடி சிக்கல், அதே ஆண்டு இறுதிக்குள் நான்காம் ஹென்றியிடமிருந்து மீண்டும் பட்டம்.

இன்னொரு கண்ணி: ஒரே பெயருள்ள வேறு குடும்பங்கள். கார்டினல் ரெஜினால்ட் போல் டி லா போல் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவர் சர் ரிச்சர்ட் போலின் மகன், குடும்பமே வேறு. இணையத்தில் வம்சாவளித் தளங்கள் பலவற்றில் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். வம்சாவளித் தளங்களைக் குறிப்புக்குப் பாருங்கள், ஆதாரமாக எடுக்காதீர்கள்.

எழுத்துக்கூட்டலும் ஒரே மாதிரி இருக்காது. போல், பூல், அட்டே பூல் என்று எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். தேடும்போது எல்லா வடிவங்களையும் தனித்தனியாகப் போட்டுத் தேடுங்கள்.

3. தேதியைச் சரிசெய்யாமல் அடுத்த அடி வைக்காதீர்கள்

அரசு ஆவணங்களில் கி.பி. ஆண்டு எப்போதாவதுதான் வரும். "ஆறாம் ஹென்றியின் 28ஆம் ஆட்சியாண்டு" என்றுதான் இருக்கும். நம் கல்வெட்டுகளில் "யாண்டு" என்று வருமே, அதே முறை. கணக்கு எளிது. ஆறாம் ஹென்றியின் ஆட்சி 1422 செப்டம்பர் 1 அன்று தொடங்கியது. ஆட்சியாண்டை 1421உடன் கூட்டினால், அந்த ஆட்சியாண்டு எந்த வருடம் செப்டம்பர் 1 அன்று தொடங்கியது என்று கிடைக்கும். 28 என்றால் 1449 செப்டம்பர் 1 முதல் 1450 ஆகஸ்ட் 31 வரை. ஒவ்வொரு மன்னருக்கும் தொடக்க நாள் வேறு. இரண்டாம் ரிச்சர்டுக்கு ஜூன் 22, 1377. நான்காம் ஹென்றிக்கு செப்டம்பர் 30, 1399. ஐந்தாம் ஹென்றிக்கு மார்ச் 21, 1413. நான்காம் எட்வர்டுக்கு மார்ச் 4, 1461. இதை ஒரு அட்டையில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள்.

இதைவிட மோசமான சிக்கல் புத்தாண்டு. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆண்டு எண் மாறுவது ஜனவரி 1இல் அல்ல, மார்ச் 25இல். அதனால் வில்லியம் டி லா போல் மீது நாடாளுமன்றத்தில் குற்றப்பத்திரிகை வைத்த பிப்ரவரி 7ஆம் தேதி, அவர்கள் கணக்கில் 1449, நம் கணக்கில் 1450. மூலத்தில் 1449 என்று இருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டால், அந்த நாடாளுமன்றம் கூடுவதற்கு முன்பே குற்றம் சாட்டியதாக வந்து நிற்கும். ஏனென்றால் அது கூடியதே 1449 நவம்பர் 6 அன்றுதான். ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள எந்தத் தேதியைக் கண்டாலும் நின்று, எந்தக் கணக்கு என்று பாருங்கள். உங்கள் குறிப்பில் "1449/50" என்று இரண்டையும் எழுதிவிடுங்கள்.

"புனித மைக்கேல் திருநாளுக்கு அடுத்த திங்கள்" என்ற மாதிரியும் தேதி வரும். மைக்கேல் திருநாள் செப்டம்பர் 29. அந்த ஆண்டின் கிழமையைக் கண்டுபிடிக்க இணையத்தில் பழைய ஜூலியன் நாட்காட்டிக் கணிப்பான்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

4. பிறப்பில் தொடங்காதீர்கள், இறப்பில் தொடங்குங்கள்

பிறப்புப் பதிவு என்று ஒன்று அப்போது கிடையாது. ஆனால் மன்னரிடமிருந்து நேரடியாக நிலம் வைத்திருந்த ஒருவர் இறந்தால், அரசாங்கம் உடனே எழுந்து உட்காரும். அவருக்கு நிலம் இருந்த ஒவ்வொரு கவுண்டியிலும் எஸ்சீட்டர் என்ற அரசு அலுவலர் உள்ளூர் ஆட்களைக் கூட்டி, சத்தியம் வாங்கிக்கொண்டு நான்கு கேள்வி கேட்பார். என்ன நிலம்? யாரிடமிருந்து, எந்த நிபந்தனையில் வைத்திருந்தார்? எப்போது இறந்தார்? வாரிசு யார், வயது என்ன? பதில்களை ஆட்டுத்தோலில் எழுதி, முத்திரையிட்டு லண்டனுக்கு அனுப்புவார்கள். ஆங்கிலத்தில் இதை "இன்குவிசிஷன் போஸ்ட் மார்ட்டம்" என்பார்கள். பெயரைக் கேட்டுப் பிணப் பரிசோதனை என்று நினைக்க வேண்டாம். இது நிலப் பரிசோதனை.

ஒரு குடும்பத்தின் செல்வம் என்றால் அந்தக் காலத்தில் நிலம்தான். அந்த நிலத்தின் கதை முழுக்க இந்தத் தாள்களில் கிடக்கிறது. என்னைக் கேட்டால், போர்க் கதைகளை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு இதையே முதலில் படியுங்கள் என்பேன்.

எங்கே கிடைக்கும்? மூலங்கள் லண்டன் கியூவில் உள்ள நேஷனல் ஆர்கைவ்ஸில், ஆட்சிக்கு ஒரு வரிசை எண்ணில் இருக்கின்றன. இரண்டாம் ரிச்சர்ட் சி 136, நான்காம் ஹென்றி சி 137, ஐந்தாம் ஹென்றி சி 138, ஆறாம் ஹென்றி சி 139, நான்காம் எட்வர்ட் சி 140. ஆனால் மூலத்துக்கு ஓட வேண்டாம். இவற்றின் ஆங்கிலச் சுருக்கங்கள் தொகுதிகளாக அச்சாகியிருக்கின்றன. 'பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன்' தளத்தில் பல தொகுதிகளைத் தேடிப் படிக்கலாம். 1415இல் இறந்த இரண்டு மைக்கேல்களுக்கும் 20ஆம் தொகுதியைப் பாருங்கள்.

கண்ணிகள் நான்கு.

வயதை நம்பாதீர்கள். "21 வயதும் அதற்கு மேலும்" என்று எழுதினால், வாரிசு மைனர் இல்லை என்று மட்டும்தான் பொருள். ஆள் 40 வயதுக்காரராகவும் இருக்கலாம். மைனர் என்று எழுதியிருந்தால் வயது ஓரளவு சரியாக இருக்கும், ஏனென்றால் மைனரின் நிலத்தை மன்னர் தன் கையில் எடுத்துக்கொள்வார். அந்த வயதில் பணம் இருந்தது.

இறந்த தேதி கவுண்டிக்குக் கவுண்டி ஒன்றிரண்டு நாள் மாறும். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, வேறு ஆவணத்தோடு ஒப்பிடுங்கள்.

"இந்தக் கவுண்டியில் இவருக்கு நிலம் எதுவும் இல்லை" என்று வந்தால் குடும்பம் ஏழையாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அந்தக் காலத்துப் பிரபுக்கள் நம்பிக்கையான சிலர் பெயருக்கு நிலத்தை மாற்றி வைத்துவிட்டு, அனுபவத்தை மட்டும் தாங்கள் வைத்துக்கொள்வார்கள். வாரிசு மைனரானாலும் மன்னர் கை வைக்க முடியாது, உயிலில் விருப்பம்போல் பிரிக்கவும் வழி கிடைக்கும். தாளில் நிலம் இருக்காது, வருமானம் வந்துகொண்டே இருக்கும்.

நான்காவது, எனக்கு ரொம்ப வலித்தது. அந்தத் தொகுதி வரிசை 1447இல் நின்றுவிடுகிறது, அங்கிருந்து 1485இல் ஏழாம் ஹென்றி வரும்வரை பெரும்பகுதிக்குத் தொகுதி இல்லை. சரியாக ரோஜாப் போர்களின் காலத்தில் பெரும்பாலும் இடைவெளி. 1450இல் கொலையான வில்லியமுக்கு அதில் எதுவும் இல்லை. அங்கே வேறு வழியில்லை, கியூவுக்குப் போய் சி 139இல் லத்தீன் மூலத்தைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் ஆள் இந்த 38 ஆண்டுக்குள் இறந்தவரா என்று முதல் வாரமே பார்த்துவிடுங்கள். பயணம் தேவையா இல்லையா என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

வாரிசு என்று யார் பெயர் வந்தாலும், நிலம் அவருக்கே போனது என்றும் எடுத்துக்கொள்ளக்கூடாது. அஜின்கோர்ட்டில் இறந்த மைக்கேலுக்கு மூன்று பெண் பிள்ளைகள், ஆண் பிள்ளை இல்லை. ஆனால் பட்டமும் முக்கிய நிலங்களும் தம்பி வில்லியமுக்குப் போயின, ஏனென்றால் அவை ஆண் வழிக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு பண்ணைக்கும் என்ன நிபந்தனை என்று தனி வரி போடுங்கள்.

விதவைகளையும் மறக்காதீர்கள். கணவர் போனதும் மனைவிக்கு நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு வாழ்நாள் உரிமை. அதோடு கல்யாணத்தின்போதே கூட்டாக எழுதி வைத்தது தனி. வில்லியமின் மனைவி ஆலிஸ், கவிஞர் ஜெஃப்ரி சாசரின் பேத்தி, கணவர் கொலையான பிறகு 25 ஆண்டு உயிரோடிருந்து 1475இல் இறந்தார். அத்தனை ஆண்டும் மகன் டியூக்காக இருந்தாலும் சொத்தில் பெரும்பங்கு அம்மா கையில். மகனின் வருமானத்தை மட்டும் பார்த்தால் குடும்பம் நொடித்துப்போனதாகத் தோன்றும்.

5. அரசாங்கச் சுருள்கள்: யாருக்கு என்ன கிடைத்தது

சுருள் என்றால் தோல் துண்டுகளை ஒன்றோடொன்று தைத்துச் சுருட்டி வைத்த அரசுப் பதிவேடு. மன்னர் திறந்த கடிதமாகக் கொடுத்த மானியங்கள், பதவிகள், மன்னிப்புகள் எல்லாம் பேட்டன்ட் சுருள்களில் (சி 66). மூடி முத்திரையிட்டு அனுப்பிய உத்தரவுகள் குளோஸ் சுருள்களில் (சி 54). மன்னருக்குப் பணம் கட்டி வாங்கிய சலுகைகள் ஃபைன் சுருள்களில் (சி 60). இவற்றின் ஆங்கிலச் சுருக்கத் தொகுதிகள் இன்டர்நெட் ஆர்கைவில் இலவசம். நீங்கள் செய்ய வேண்டியது, கடைசிப் பக்கங்களில் உள்ள பெயர் அகரவரிசையைப் பார்த்து, உங்கள் குடும்பம் வரும் பக்கங்களை மட்டும் எடுப்பது. பட்டத்தின் கீழும் ஊர்ப் பெயரின் கீழும் தனித்தனியாகத் தேடுங்கள்.

இந்தச் சுருக்கங்களை வரிசையாகப் படித்தால் அதிகாரம் எப்படி நகர்ந்தது என்று கண்ணுக்கே தெரியும். ஒன்றைச் சொல்கிறேன். சாமர்செட் டியூக் ஜான் போஃபோர்ட் 1444 மே 27 அன்று இறந்தார். ஒரே மகள் மார்கரெட்டுக்கு ஒரு வயது. நான்கே நாளில், மே 31 அன்று, அந்தக் குழந்தையின் காப்பாளர் உரிமையும் கல்யாண உரிமையும் வில்லியம் டி லா போலுக்கு எழுதப்பட்டன. 1450இல் வில்லியம் தன் மகன் ஜானுக்கே அந்தக் குழந்தையைக் கட்டிவைத்தார். அரியணைக்கு அருகிலிருந்த பெண் என்பதால், தன் மகனை மன்னராக்கப் பார்க்கிறார் என்று அவர் மீது குற்றச்சாட்டு வந்தது. அந்தக் கல்யாணம் பிறகு ரத்தானது. மார்கரெட் பின்னாளில் ஏழாம் ஹென்றியைப் பெற்றவர்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பேட்டன்ட் சுருக்கங்களில் தோல் துண்டுகளின் எண் பெரியதில் தொடங்கி இறங்கிக்கொண்டே வரும். பக்கம் தவறிவிட்டது என்று பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் "டி" என்று இருந்தால் தோலின் பின்பக்கம். மூலம் கேட்கும்போது இது இல்லாமல் கேட்டால் முழுச் சுருளையும் உருட்ட வேண்டி வரும்.

இந்தப் படிக்கு எனக்கு ஆறு வாரம் ஆனது, நாளுக்கு ஒரு மணி நேரம். செலவு எதுவும் இல்லை.

6. வீழ்ச்சி எங்கே பதிவாகும்

நாடாளுமன்றச் சுருள்களில் (சி 65). பதினெட்டாம் நூற்றாண்டில் அச்சான பழைய பதிப்பை இலவசமாக எடுக்கலாம். மொழிபெயர்ப்போடு கூடிய நவீனப் பதிப்பும் இணையத்தில் உண்டு. இயன்றவரை நவீனப் பதிப்பையே பாருங்கள்.

1450 ஜனவரி 22 அன்று வில்லியம் எழுந்து தன்னைக் காத்துப் பேசியது அதில் இருக்கிறது. அப்பா ஆர்ஃப்ளேரில் செத்தார், அண்ணன் அஜின்கோர்ட்டில் செத்தார், மற்றத் தம்பிகளும் பிரான்ஸில்தான் போனார்கள், நானே பிடிபட்டு மீட்புப் பணமாக 20,000 பவுண்டு கொடுத்தேன், இவ்வளவு கொடுத்த நான் பிரெஞ்சுக்காரனுக்கு நாட்டை விற்பேனா என்ற போக்கில் போகிறது பேச்சு. படிக்கும்போது மனம் கனக்கும். ஆனால் அந்த 20,000 என்பது குற்றம் சாட்டப்பட்டவர் தன் வாயால் சொன்ன தொகை. குறிப்பெடுக்கும்போது "அவர் சொன்னபடி" என்று சேர்த்தே எழுதுங்கள்.

பறிமுதல் சட்டம், அட்டெய்ன்டர் என்பார்கள், வந்தால் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அங்கிருந்து பேரம் தொடங்கும். ஜானின் மூத்த மகன் லிங்கன் ஏர்ல் ஸ்டோக் போரில் மன்னருக்கு எதிராக நின்று விழுந்ததால் அவர் பெயரிலிருந்த நிலம் போனது. தம்பி எட்மண்ட் 1493இல் ஏழாம் ஹென்றியோடு ஓர் ஒப்பந்தம் போட்டு, டியூக் பட்டத்தைக் கைவிட்டு வெறும் ஏர்லாக இறங்கி, 5,000 பவுண்டு கட்டுவதாக ஒப்புக்கொண்டு அந்த நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் திரும்ப வாங்கினார். கடனில் மூழ்கிய அந்த மனிதர் 1501இல் நாட்டைவிட்டு ஓடியதை இந்த ஒப்பந்தத்தைப் படித்த பிறகுதான் என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. ஆகவே அட்டெய்ன்டர் ஆண்டுக்கு அடுத்த பதினைந்து ஆண்டு சுருள்களைக் கட்டாயம் பாருங்கள்.

7. கடிதங்களும் உயில்களும்

பிரபுக்களின் சொந்தக் கடிதங்கள் அபூர்வம். ஆனால் அவர்களுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் எழுதியவை கிடைக்கும். நார்ஃபோக்கில் டி லா போல்களோடு நிலத் தகராறில் இருந்த பாஸ்டன் குடும்பத்தின் கடிதங்கள் பழைய பதிப்பில் இலவசம். 1450 மே 5 அன்று வில்லியம் லோம்னர் என்பவர் லண்டனிலிருந்து ஜான் பாஸ்டனுக்கு எழுதியதைத் தேடிப் படியுங்கள். நாடு கடத்தப்பட்டுக் கப்பலில் போன டியூக்கை "நிக்கோலஸ் ஆஃப் த டவர்" என்ற கப்பல் மறித்தது, ஒரு படகில் இறக்கி, கப்பலில் இருந்தவர்களிலேயே கீழ்த்தரமான ஒருவன் துருப்பிடித்த வாளால் அரை டஜன் வெட்டில் தலையை எடுத்தான், மேலங்கியைக் கழற்றிக்கொண்டு உடலை டோவர் மணலில் போட்டார்கள் என்று வருகிறது. எழுதியவர், கண்ணீரில் இந்தத் தாள் நனைந்து உங்களால் படிக்கவே முடியாமல் போகலாம் என்று தொடங்குகிறார்.

அங்கங்கே "என்று ஆட்கள் சொல்கிறார்கள்" என்றும் எழுதுகிறார். அதைத் தவறவிடாதீர்கள். அவர் லண்டனில் இருந்தார், கொலை மே 2 அன்று டோவர் பக்கத்துக் கடலில் நடந்தது. கேட்டு எழுதிய கடிதம், பார்த்து எழுதியது அல்ல.

உயில்கள் பிராப் 11 என்ற வரிசையில், 1384இலிருந்து. நேஷனல் ஆர்கைவ்ஸ் தளத்தில் கணக்குப் பதிந்து உள்ளே போனால், ஏற்கெனவே படமெடுத்து ஏற்றியவற்றைக் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். மன்னருக்குப் போட்ட மனுக்கள் எஸ்சி 8 வரிசையில், அவையும் அப்படியே. விதிகள் மாறக்கூடியவை, எடுக்கும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். உயிலில் நிலம் இல்லையே என்று திகைக்க வேண்டாம். உயில் பெரும்பாலும் பாத்திரம், படுக்கை, பணம், பூசைக்கு விட்டது பற்றித்தான் பேசும்.

8. மொழி: எவ்வளவு தெரிந்தால் போதும்

அரசுச் சுருள்கள் லத்தீன். மனுக்கள் பதினைந்தாம் நூற்றாண்டின் முதல் பாதிவரை பெரும்பாலும் பிரெஞ்சு, பிறகு ஆங்கிலம். பயந்து விலக வேண்டாம், ஆவணங்கள் ஒரே வாய்பாட்டில் எழுதப்பட்டவை. நாற்பது ஐம்பது சொல் பிடிபட்டால் இறந்த தேதி, வாரிசு, பண்ணைப் பெயர் மூன்றையும் பிடித்துவிடலாம். நேஷனல் ஆர்கைவ்ஸ் தளத்தில் இடைக்கால லத்தீனுக்கும் பழைய கையெழுத்துக்கும் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. மாலையில் அரை மணி நேரம், இரண்டு மாதம் செய்யுங்கள். இதை 5ஆம் படியோடு சேர்த்தே தொடங்கிவிட்டால் தனி நேரம் தேவைப்படாது.

சொல்லைச் சுருக்கி மேலே ஒரு கோடு போடுவதுதான் பெரிய தடை. அதற்கு ஒரே மருந்து: சுருக்கத் தொகுதியில் ஏற்கெனவே ஆங்கிலத்தில் வந்த ஓர் ஆவணத்தின் மூலப் படத்தை எடுத்து, பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுவது.

9. கியூ பயணம்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. என்ன வேண்டும் என்று எண்ணோடு தெரியாமல் போனால் அங்கே ஒரு நாள் ஓடிவிடும், கையில் ஒன்றும் இருக்காது. நான் முதல்முறை போனபோது அப்படித்தான் ஆனது. குடும்பப் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

உள்ளே போகக் கட்டணம் இல்லை. மூல ஆவணம் பார்க்க வாசகர் அட்டை வேண்டும், அதுவும் இலவசம். இணையத்தில் பதிந்துவிட்டு, நேரில் பெயருக்கு ஒரு சான்றும் முகவரிக்கு ஒரு சான்றும் காட்ட வேண்டும். ஒரே ஆவணத்தை இரண்டுக்கும் காட்ட முடியாது. எவை செல்லும் என்ற பட்டியல் தளத்தில் இருக்கிறது, அதைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் பாஸ்போர்ட்டோடு சொந்த ஊர் முகவரிச் சான்றையும் எடுத்து வையுங்கள். ஞாயிறும் திங்களும் வாசிப்பறை கிடையாது. விமானச் சீட்டு போடுவதற்கு முன் இதைக் கவனியுங்கள். லண்டன் சுரங்க ரயிலின் டிஸ்ட்ரிக்ட் லைன் தடத்தில் கியூ கார்டன்ஸ் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகலாம்.

பேனா, அழிப்பான், தண்ணீர் பாட்டில், தின்பண்டம் எதுவும் உள்ளே போகாது. பென்சிலும் கேமராவும் போதும். ஃபிளாஷ் இல்லாமல் நீங்களே எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம், காசு இல்லை. வீட்டிலிருந்தபடி நகல் கேட்டால் எத்தனை பக்கம் என்று பார்த்துச் சொல்லவே ஒரு கட்டணம், அப்புறம் நகலுக்குத் தனிக் கட்டணம், நாளும் பிடிக்கும். நாலைந்து ஆவணத்துக்கு மேல் தேவையென்றால் நேரில் போவது மலிவு.

ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஆவண எண்ணை எழுதிய ஒரு துண்டுத் தாளை வைத்து முதல் படம் எடுங்கள். வீட்டுக்கு வந்து முந்நூறு படங்களைத் திறக்கும்போது எது எங்கே இருந்தது என்று நினைவிருக்காது. சுருளைப் பிரிக்கும்போது அவசரம் வேண்டாம். எடைப் பைகள் தருவார்கள், ஒரு முனையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் மெதுவாக உருட்டுங்கள். சந்தேகம் வந்தால் அங்கிருக்கும் அலுவலரைக் கேளுங்கள்.

ஒரு குடும்பத்துக்கு இரண்டு முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் படமெடுப்பது, இரவில் படங்களைப் பார்த்து மங்கலானதைக் குறிப்பது, இரண்டாம் நாள் விட்டதை எடுப்பது.

10. முடிந்தால் கல்லறைகளையும் பாருங்கள்

சஃபோக்கில் விங்ஃபீல்ட் தேவாலயத்தில் 1415இல் ஆர்ஃப்ளேரில் இறந்த மைக்கேலும் மனைவியும் மரத்தில் செதுக்கிக் கிடக்கிறார்கள். ஜானும் மன்னரின் தங்கை எலிசபெத்தும் அலபாஸ்டர் கல்லில். பக்கத்தில் உள்ள கோட்டை தனியார் வீடு, உள்ளே போக முடியாது.

ஆலிஸின் கல்லறை ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் இவெல்ம் கிராமத்தில். கணவரும் அவரும் 1437இல் நிறுவிய ஏழை முதியோர் இல்லம் இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. அதன் பழைய ஆவணங்கள் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. 1466இல் இவெல்முக்கு அனுப்பிய திரைச்சீலை, புத்தகம் முதலான சாமான்களின் பட்டியலும் அவற்றில் ஒன்று. பார்க்க வேண்டுமென்றால் வாசகர் அட்டைக்குப் பல வாரம் முன்பே விண்ணப்பியுங்கள்.

கல்லறையின் மேல் தட்டில் ஆலிஸ் டியூக்கின் மனைவிக்குரிய கோலத்தில், இடது முன்கையில் கார்ட்டர் என்ற அரச வீரப்பட்டத்தின் பட்டை கட்டிக் கிடப்பார். பெரும்பாலோர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கீழே, கல் சன்னல்களுக்குப் பின்னால், தோலும் எலும்புமாய் அவரே இன்னொரு முறை கிடக்கிறார். அந்த உருவத்துக்கு மேலே உள்ள கல் தளத்தின் அடிப்பக்கத்தில் வண்ண ஓவியங்கள் இருக்கின்றன. தரையில் படுத்து உள்ளே பார்த்தால்தான் அவை தெரியும். அங்கே யாராவது இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படுங்கள். சின்ன டார்ச் ஒன்று கொண்டு போங்கள். வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், முதலில் அந்தச் சுருங்கிய முகமும், பிறகு அதன் கண்ணுக்கு நேர் மேலே இருக்கும் ஓவியமும் மெல்லத் தெளியும்.